சமையலறையில் ஒரு வகுப்பு

வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அந்த வீட்டு வாயிலில் நிற்பேன். அழைப்பு மணியை அழுத்தக் கை நீட்டும் முன்பே கதவு திறந்துவிடும். காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றால் முன்னறை முழுவதும் செந்நிறக் கம்பளம்; சுவரோரமாக மெத்தைகளும் திண்டுகளும். விருந்தினரை அமர்த்தும் இடம் அது. தொடக்கத்தில் சில வாரங்கள் என்னையும் அங்கேதான் அமர்த்தினார்கள். பின்னர் ஒருநாள், இவள் இனி விருந்தினள் அல்லள் என்று அவ்வீட்டாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நேரே சமையலறைக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். அங்கே ஒரு சிறு மேசை, இரண்டு நாற்காலிகள், அடுப்பின்மேல் ஏலக்காய் இட்டுக் கொதிக்கும் பச்சைத் தேயிலைத் தண்ணீர். ஃபிரிட்ஜின் கதவுதான் எங்கள் கரும்பலகை. அந்தச் சமையலறையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஒரே ஒரு மாணவிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அந்த அனுபவத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

இடம், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மாநகருக்குத் தென்கிழக்கே உள்ள டாண்டினாங். பற்பல நாட்டு மக்கள் குடியேறி வாழும் பகுதி அது. அங்குள்ள தாமஸ் தெருவில் சிறிது தூரம் நடந்தால், ஆப்கானிஸ்தானத்துக் கடைத்தெரு ஒன்றுக்குள் வந்துவிட்டோமோ என்ற ஐயம் தோன்றும். சுடச்சுட எடுக்கும் ரொட்டியின் மணம், பாதாமும் உலர்ந்த திராட்சையும் குவித்து வைத்த கடைகள், பூவேலை செய்த பெண்டிர் உடைகள். 'ஆப்கன் பஜார்' என்றே அவ்விடத்திற்குப் பெயர். அங்குள்ள ஆப்கானியருள் ஹசாரா இனத்தவர் பலர். என் மாணவியும் அவ்வினத்தவரே. நாற்பது வயதைக் கடந்தவர். நான்கு பிள்ளைகளின் தாய். பாகிஸ்தானின் குவெட்டா நகரில் பல்லாண்டுகள் அகதியாக வாழ்ந்து, முன்பே வந்துவிட்ட கணவரோடு சேர 2014-இல் ஆஸ்திரேலியா வந்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதுவது முறையன்று. சகோதரி என்றே குறிப்பிடுகிறேன்.

நானோ, புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். கணவர் மறைந்தபின் மகளோடு இருக்க மெல்போர்ன் சென்றேன். மகளும் மருமகனும் வேலைக்கும், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் அந்த வீட்டில் கடிகாரம் ஓடும் ஓசை மட்டுமே கேட்கும். அவ்வாறிருக்க, குடியேறியவர்களின் வீடு தேடிச் சென்று ஆங்கிலம் கற்பிக்கத் தொண்டர்கள் தேவை என்ற அறிவிப்பை 2018-இல் நூலகத்தில் கண்டேன். "வெள்ளைக்காரன் நாட்டில் போய் நம் அம்மா இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம்!" என்று மகள் சிரித்தாள். காவல்துறைச் சான்று, சில வாரப் பயிற்சி, பிறகு ஒரு முகவரி. அவ்வளவே.

அந்நாட்டில் ஆங்கிலம் என்னும் மொழிக்கு ஒரு பழைய கதை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்வது சரியன்று. 1901-இல் அங்கே குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வெள்ளையர் அல்லாதார் வரக்கூடாது என்று அதில் வெளிப்படையாக எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஓர் எழுத்துச் சோதனை. அதிகாரி ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் கொண்ட ஒரு பகுதியை வாசிப்பார்; கரையிறங்க வந்தவர் அதைக் கேட்டு எழுதவேண்டும். எந்த மொழி என்பதை முடிவு செய்பவர் அதிகாரியே. ஆங்கிலம் அறிந்தவராயின் அவருக்கு வேறொரு மொழியில் வாசித்தால் போதும். 1909-க்குப் பின் அச்சோதனையில் தேறியவர் எவருமிலர் என்றால் அதன் நோக்கம் விளங்கும். 1934-இல் எகோன் கிஷ் என்னும் எழுத்தாளர், ஹிட்லரின் ஆட்சியைக் கண்டித்துப் பேச அங்கே சென்றார். அவர் பல மொழி அறிந்தவர் ஆதலால், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் அவரைச் சோதித்தார்கள்! அச்செயல் செல்லாது என்று அந்நாட்டின் தலைமை நீதிமன்றமே தீர்ப்பளிக்க நேர்ந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அச்சோதனைக்கு முடிவு கட்டியது.

அந்தச் சோதனை ஏட்டில் இருக்கும்போதே அதே அரசு மற்றொரு வேலையையும் தொடங்கியிருந்தது என்பதுதான் வியப்பு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் தொழிலாளர் பற்றாக்குறை. வீடிழந்த ஐரோப்பிய அகதிகளை ஏற்பதென முடிவாயிற்று. 1947-இன் இறுதியில் லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா நாட்டவர் முதற்குழுவாக வந்தனர். விக்டோரியா மாநிலத்தின் வட எல்லையில், போனகில்லா என்ற இடத்திலிருந்த பழைய இராணுவ முகாமில் அவர்களைத் தங்கவைத்தார்கள். அம்முகாம் மூடப்பட்ட 1971 வரை மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதன் வழியே சென்றனர். இரண்டு ஆண்டுகள் அரசு காட்டும் வேலையைச் செய்தாக வேண்டும். ஆண்களாயின் கூலியாள், பெண்களாயின் வீட்டுப் பணியாள் என்று பதிவு. மருத்துவம் பயின்றவரும் பொறியியல் பயின்றவரும் அப்பதிவுக்குத் தப்பவில்லை. அவர்களுக்கு முகாமிலும், பின்னர் வந்தோருக்குக் கப்பலின் மேல்தளத்திலுமே கூட, ஆங்கில வகுப்புகள் நடந்தன. 1948-இல் முறையாக வடிவம் பெற்ற அத்திட்டம் பெயர் மாறியும் விதி மாறியும் இன்றும் நடைபெறுகிறது. பல ஆண்டுகளாக ஒருவருக்கு 510 மணி நேரம் என்று வரம்பிருந்தது. 2021 ஏப்ரலில் அவ்வரம்பை நீக்கினார்கள். பள்ளிக்கே சென்றிராத ஒரு தாய்க்கு 510 மணி நேரம் எம்மூலைக்கு? நம் பிள்ளைகள் பத்தாண்டுகள் நாள்தோறும் படித்தும் ஓர் ஆங்கில விண்ணப்பம் எழுதத் தயங்குவதை அறியாதவர் யார்?

இனி என் தவறுகளுக்கு வருகிறேன்.

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் பெண்களுக்கு இரவில் எழுத்தறிவித்த தொண்டர்களுள் நானும் ஒருத்தி. வளர்ந்தவர்க்குக் கற்பிப்பது குழந்தைக்குக் கற்பிப்பதுபோல் அன்று என்பதை அப்போதே கண்கூடாகக் கண்டவள். ஆயினும் அவ்வறிவெல்லாம் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் எங்கோ புதைந்துவிட்டிருந்தது. முதல் நாளே சிவப்பு மைப் பேனாவோடு சென்றேன். சகோதரிக்கு எந்த மொழியிலும் எழுதத் தெரியாது. எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும் என்பதை மட்டும் கண்டு பழகியவர் ஆதலால் நோட்டுப் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்தார். பென்சிலை ஊசிபோல் பிடித்து அழுத்தியதில் தாள் கிழிந்தது. கம்பளத்தில் ஆயிரம் முடிச்சுகளைப் பிழையின்றி இடும் கைவிரல்கள் 'ஏ' என்ற எழுத்தின் முன் வியர்த்தன. நானோ அதன்மேல் சிவப்புக் கோடிட்டுத் திருத்தினேன்.

படப்புத்தகத்தின் இரண்டாம் பாடம் 'என் குடும்பம்'. உலகெங்கும் மொழிப் புத்தகம் எழுதுவோர் எளிது என்று கருதி முதலில் வைக்கும் பாடம் அது. "ஹவ் மெனி பிரதர்ஸ் டூ யூ ஹாவ்?" என்று கேட்டேன். உங்களுக்கு உடன்பிறந்த ஆண்கள் எத்தனை பேர்? சகோதரி தம் வலக்கையைப் பார்த்தார். நான்கு விரல்களை உயர்த்தினார். பின்னர் இரண்டை மடக்கினார். மீண்டும் நான்கையும் உயர்த்தினார். என் முகத்தைப் பார்த்து, "ஹாவ்?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "நான்கா, இரண்டா?" என்று, பள்ளியில் பிள்ளைகளைக் கேட்கும் குரலில் கேட்டேன். அவர் எழுந்து சென்று, எரியாத அடுப்பைத் திருகி அணைத்தார். முதுகைக் காட்டியபடியே வெகுநேரம் நின்றார்.

அடுத்த வியாழன் மகன் கதவைப் பாதி திறந்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றான். அதற்கடுத்த வியாழனும் அதே சொல். மூன்றாம் வியாழன் மூத்த மகள் வாயிலுக்கு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷரீஃப் நகரம் தாலிபான்களின் கையில் வீழ்ந்தது. அப்போது ஹசாரா மக்கள் ஏராளமானோர் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டார்கள். சகோதரியின் நான்கு சகோதரர்களில் இருவர் அன்றைக்குப்பின் வீடு திரும்பவில்லை. எஞ்சிய இருவர் குவெட்டாவில் இருக்கிறார்கள். "அம்மா உங்கள்மேல் கோபமாக இல்லை, டீச்சர். பதில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்கிறார்கள்" என்றாள் அப்பெண்.

அன்று இரவு எனக்கு உறக்கமில்லை. என் புத்தகத்தில் இறந்தகாலம் பதினைந்தாம் பாடம். அதுவரை நிகழ்காலம் மட்டும்தான். முப்பது ஆண்டுகளாக அந்த வரிசையில்தான் நான் கற்பித்து வந்தேன். அதில் குறை கண்டதில்லை. ஆனால் அந்த அம்மாளுக்கு வாழ்வில் பாதிக்கும் மேல் இறந்தகாலம். நிகழ்காலத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, உன் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்று கேட்டிருக்கிறேன்.

மறுவாரம் புத்தகமும் சிவப்புப் பேனாவும் இன்றிச் சென்றேன். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதினேன். "ஐ ஹாவ் டூ பிரதர்ஸ். ஐ ஹாட் ஃபோர் பிரதர்ஸ்." எனக்கு இரு சகோதரர்கள் இருக்கிறார்கள்; எனக்கு நான்கு சகோதரர்கள் இருந்தார்கள். 'ஹாவ்' என்னும்போது மேசையைத் தொட்டேன்; 'ஹாட்' என்னும்போது கையைத் தோளுக்குப் பின்னே காட்டினேன். சகோதரி அந்த இரு சொற்களையும் விரலால் தடவிப் பார்த்தார். தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றே, முடிவுதான் வேறு. பிறகு தாமாகவே பேசத் தொடங்கினார். "ஐ ஹாட் மதர்." சிறிது நேரம் கழித்து, "ஐ ஹாட் ஹவுஸ்." அதன்பின், "ஐ ஹாட் ஆப்பிள் ட்ரீ" என்று கையை உயர்த்தி மரத்தின் உயரத்தையும் காட்டினார். நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். திடீரென்று என் கைப்பிடித்து நிறுத்தி, "டீச்சர், யூ ஹாட் ஹஸ்பண்ட்?" என்றார்.

என் கணவரைப் பற்றி நான் அவரிடம் சொன்னதில்லை. நெற்றியையும் கழுத்தையும் கண்டு ஊகித்தாரோ, தனியே பேருந்தில் வருவதைக் கண்டு ஊகித்தாரோ, அறியேன். "யெஸ். ஐ ஹாட்" என்றேன். வாழ்நாளெல்லாம் ஆங்கிலம் கற்பித்தவளுக்கு அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மாணவர் தம் வாயால் சொன்னதையே எழுதி, அதையே அவர்க்கு வாசிப்புப் பாடமாக்கும் முறை ஒன்றுண்டு. எங்கள் பயிற்சியில் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான்தான் கவனிக்கவில்லை. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963-இல் ஆஞ்சிகோஸ் என்ற சிற்றூரில் 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவித்ததும் இதையொத்த வழியில்தான். அவர்கள் நாவில் நாள்தோறும் புழங்கும் சொற்களையே பாடமாக எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 40 மணி நேரத்தில் அவர்கள் எழுதப் படிக்கத் தொடங்கினர். மறு ஆண்டு இராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையிலிட்டார்கள். எழுத்தறிவித்ததற்குச் சிறையா என்று வியப்போர், யாருக்கு அறிவித்தார் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

'ஆப்பிள் மரம்' என்ற அந்த ஒரு பக்கத்தை நாங்கள் ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டினோம். அதுவே சகோதரி முதன்முதலில் தாமே வாசித்த பக்கம்.

அதன்பின் வகுப்பு வகுப்பாக இல்லை. அவர் 'ஸ்கூல்' என்பதை 'எஸ்கூல்' என்பார்; 'ஸ்ட்ரீட்' அவர் வாயில் 'எஸ்த்ரீட்'. அதைக் கேட்டு நான் சிரித்தபோது அவர் முகம் வாடிற்று. எங்கள் ஊரிலும் 'இஸ்கூல்' என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கியபின் இருவரும் சேர்ந்து சிரித்தோம். ஒரு சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் ஒட்டி நின்றால், முன்னே ஓர் உயிரைத் துணைக்கு வைத்துக்கொள்வது அவர் மொழிக்கும் நம் மொழிக்கும் இயல்பு. அவர்கள் மொழியில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சொல். ஆதலால் கணவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'ஷி' என்பார். வீட்டுக்காரர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போனார். இன்னொரு நாள் இருவருக்கும் பொதுவான சொற்களைத் தேடினோம். பாதாம், பஜார், சால்வை, சர்பத், தயார் என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாம் பாரசீகம் வழியாக என்றோ நம் தமிழுக்கு வந்தவை. ஒவ்வொன்றுக்கும் அவர் கைதட்டினார். 'தயார்' என்ற சொல் அன்றுமுதல் எங்கள் வகுப்பின் மணியோசை ஆயிற்று; தேநீர் தயார், பாடம் தயார். என்னை 'டீச்சர் ஜான்' என்று அழைக்கலானார். 'ஜான்' என்றால் உயிர். நாம் 'கண்ணே' என்று சொல்லுமிடத்தில் அவர்கள் உயிரே என்கிறார்கள்.

ரமலான் நோன்புக் காலத்திலும் எனக்கு மட்டும் தேநீர் வைக்கத் தவறமாட்டார். நோன்பிருப்பவர் முன் எப்படிக் குடிப்பது என்று நான் மறுத்தால் வருந்துவார். கீரையும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்துச் சுட்ட 'போலானி' ரொட்டியைப் பொட்டலம் கட்டித் தருவார். நான் முறுக்கும் அதிரசமும் கொண்டு செல்வேன். அதிரசத்தைவிட முறுக்கே அவ்வீட்டுப் பிள்ளைகளிடம் செல்வாக்குப் பெற்றது.

2019-இல் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டுக்கு வரும் கடிதங்களை வைத்தே பாடம் நடத்துவது அப்போது எங்கள் வழக்கம். மின் கட்டண ரசீது, பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை, கடை விளம்பரம் எல்லாம் எங்களுக்குப் பாடநூல். ஒருநாள் சகோதரி ஒரு கட்டுக் கடிதங்களை மேசைமேல் வைத்து, அவற்றில் தேதி எங்கே உள்ளது என்று தேடிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்றில் மருத்துவமனையின் முத்திரை. தேதியைச் சரியாகச் சுட்டி, மாதத்தையும் தவறின்றி வாசித்தார். "வெரி குட்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வரியைப் பார்த்தேன். மார்பில் கண்ட கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வரவேண்டிய நாள் அது. அந்நாள் கடந்து பதினேழு நாட்கள் ஆகியிருந்தன.

"இது என்ன என்று தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்று தலையசைத்தார். மருத்துவர், உடம்பில் சத்துக் குறைவு, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், ஓய்வு வேண்டும் என்று சொன்னாராம். அதுதான் கடிதத்திலும் எழுதியிருக்கும் என்றார். மருத்துவரிடம் உடன் சென்றவன் இளைய மகன். அவனுக்குப் பதின்மூன்று வயது.

அந்நாட்டில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இல்லை. 1973-லேயே தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கும் சேவையை அரசு தொடங்கிவிட்டது. ஹசாராகி மொழிக்கும் ஆள் உண்டு. ஆனால் அதைக் கேட்டுப் பெறவேண்டும் என்பது சகோதரிக்குத் தெரியாது. மருத்துவமனையிலும் எவரும் கேட்கவில்லை. ஆங்கிலம் பேசும் பிள்ளை அருகில் இருக்கிறானே என்று விட்டுவிட்டார்கள். தொலைபேசியில் அந்நிய ஆடவர் ஒருவர் வருவாரோ என்ற கூச்சமும் சகோதரிக்கு இருந்திருக்கிறது. குடியேறிய குடும்பங்களில் இது நாள்தோறும் நடப்பது. பிள்ளை ஓராண்டில் மொழியைக் கற்றுவிடுகிறான், தாய்க்குப் பத்தாண்டாகிறது. வங்கியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பிள்ளை பெரியவன் ஆகிறான், தாய் குழந்தையாகிறாள். பிள்ளைக்கு அது பெருமைபோல் தோன்றும், ஒருநாள் தாங்கமுடியாத ஒரு சொல் வந்து சேரும் வரையில்.

கற்பிக்கச் செல்வோர் குடும்பக் காரியங்களில் தலையிடலாகாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. நல்ல விதிதான். அன்று அதை மீறினேன். கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அங்கேயே தொலைபேசி செய்து, ஹசாராகி பேசும் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். இருபது நிமிடம் காத்திருந்தோம். அந்தப் பெண்ணின் குரல் வந்ததும் தொலைபேசியைச் சகோதரியிடம் கொடுத்துவிட்டு முன்னறைக்குச் சென்றுவிட்டேன். அவர் தம் மொழியில் பேசுவதைக் கேட்டேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனினும், என்னோடு இரண்டு சொல்லில் தடுமாறும் அந்த அம்மாள் அத்துணை விரைவாக, அத்துணைத் தெளிவாக, கேள்விமேல் கேள்வியாகக் கேட்பவர் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மாலையில் மகன் பள்ளியிலிருந்து வந்தான். மேசைமேல் இருந்த கடிதத்தைக் கண்டதும் பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றான். "அந்தச் சொல்லை அம்மாவிடம் எப்படிச் சொல்வது, டீச்சர்?" என்றான். எங்கள் மொழியில் அதற்கு என்ன சொல் என்று தெரியவில்லை என்றான். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்றான். இரண்டு மாதமாக அவன் ஒருவனே அதைச் சுமந்திருக்கிறான். வகுப்பில் மதிப்பெண்கள் குறைந்தன என்று அந்த இரண்டு மாதமும் வீட்டில் ஏச்சு வேறு வாங்கியிருக்கிறான். தாய் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அருகே அழைத்து, பையின் வாரைத் தோளிலிருந்து கழற்றினார்.

அடுத்த வாரம் சோதனை நடந்தது. முடிவு வரப் பத்து நாட்கள் ஆயின. அந்தப் பத்து நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்பதை எழுதப்போவதில்லை. கட்டி தீங்கற்றது என்று முடிவு வந்தது.

அதற்கடுத்த வகுப்பில் ஒரே ஒரு வாக்கியம்தான் பாடம். "ஐ நீட் ஆன் இன்டர்பிரிட்டர். எ லேடி, ப்ளீஸ்." எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருக்கட்டும். அதை நூறு முறை சொல்ல வைத்தேன். உரக்கச் சொல்ல வைத்தேன். அவர் கெஞ்சும் குரலில் சொன்னார். அது கூடாது, கடையில் விலை கேட்பதுபோல் கேட்கவேண்டும் என்று மறுபடியும் சொல்ல வைத்தேன்.

பிற செய்திகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2020-இலும் 2021-இலும் கொரோனாத் தொற்றால் மெல்போர்ன் ஆறுமுறை அடைக்கப்பட்டது. அப்போதெல்லாம் தொலைபேசியில் பாடம். 2021 ஆகஸ்டில் காபூல் மீண்டும் தாலிபான்களின் வசமாயிற்று. அந்த வியாழக்கிழமை தொலைபேசியை எடுத்தவர் பாடம் எதுவும் கேட்கவில்லை, நானும் தொடங்கவில்லை. ஒரு மணி நேரமும் தொலைபேசியை வைக்காமல் இருந்தோம். ஆறாம் வகுப்புக்குமேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்றாகிவிட்டது. காபூலில் படித்துக்கொண்டிருந்த தம் நாத்தனார் மகள், முன்பு தமக்குத் தொலைபேசியில் ஆங்கிலச் சொற்களைச் சொல்லித் தந்தவள், இப்போது வீட்டில் இருக்கிறாள் என்றார். அதன்பின் நான் கற்பித்த பாடத்தையெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் சகோதரி அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் ஒப்பித்து வந்தார் என்பதை வெகுநாள் கழித்தே அறிந்தேன்.

குடியுரிமைத் தேர்வைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. 2007 முதல் அது நடைமுறையில் உள்ளது. 20 கேள்விகள், 15-க்குச் சரியான விடை வேண்டும். 2020 நவம்பரிலிருந்து அந்நாட்டு நெறிகளைப் பற்றிய ஐந்து கேள்விகளைச் சேர்த்திருக்கிறார்கள். அவ்வைந்தில் ஒன்றும் தவறக்கூடாது. பழைய 50 சொற் சோதனையோடு இதை ஒப்பிடுவது நியாயம் ஆகாது. இதற்குப் புத்தகம் உண்டு, தவறினால் மறுபடியும் எழுதலாம். ஆயினும் பள்ளியின் வாசலையே மிதிக்கவிடாமல் ஊரும் போரும் தடுத்த ஒரு பெண்ணுக்கு, கணிப்பொறியின் முன் அமர்ந்து அந்நிய எழுத்தில் விடை தேடுவது என்ன என்பதை, அத்தேர்வை வகுத்தவர்கள் ஒரு வியாழக்கிழமை எங்கள் சமையலறைக்கு வந்து பார்த்திருக்கலாம் என்று எண்ணியதுண்டு. நான் இருந்தவரையில் சகோதரி அத்தேர்வை எழுதவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

2022-இல் தாயகம் திரும்பும் காலம் வந்தது. கடைசி வகுப்புக்கு முந்திய வியாழன் வழக்கம்போல் பத்து மணிக்குச் சென்றேன். கதவு திறக்கவில்லை. நான்காண்டுகளில் அப்படி நேர்ந்தது, அந்த முதல் மாதத்திற்குப்பின் அதுவே முதன்முறை. மணியை அழுத்தினேன், ஓசையில்லை. அப்போதுதான் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கண்டேன். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள்; பெரிய பெரிய எழுத்துகள்; வரிகள் வலப்புறம் சற்றே மேலேறியிருந்தன.

"டீச்சர் ஜான். ஐ கோ ஹாஸ்பிட்டல் வித் நெய்பர். ஷி நியூ. ஷி நோ இங்கிலீஷ். ஹர் பாய் ஸ்மால். ஐ சே லேடி இன்டர்பிரிட்டர் ப்ளீஸ். கீ அண்டர் ஷூ. டீ தயார்."

அண்டை வீட்டுக்குப் புதிதாக வந்தவள் ஒருத்தியோடு மருத்துவமனை சென்றிருக்கிறார். அவள் மகன் சிறுவன். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று தாம் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

நின்றபடியே பிழைகளை எண்ணினேன். பழக்கம் எளிதில் விடுமா? ஏழு இருந்தன. பிறகு அந்தத் தாளைக் கிழியாமல் மெல்ல எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, காலணியின் கீழிருந்த சாவியால் கதவைத் திறந்து, சமையலறைக்குச் சென்று ஃபிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றிக்கொண்டு, அவர் வரும்வரை அமர்ந்திருந்தேன்.